பிளாட்டின மருந்தும் கழுவுற ரூம் ஹெலனும்

ஹெலன் என்ற பேரைச் செண்பகம் முதன்முதலாகக் கேட்டது புதுவாயல் கூட்ரோட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஷேர் ஆட்டோவுக்கு நின்றிருந்தபோது. சொன்னவர் காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் அன்புராஜ். நல்ல சேதியாகச் சொல்லவில்லை.

“யக்கோவ், உன் மருமவளுக்குக் கேட்டியே, லேப்புல கண்ணாடிச் சாமான் கழுவுற வேல, அது போச்சு. ஹெலன்னு ஒரு பொம்பளைக்குக் குடுத்துட்டாங்க.”

“எந்த ஊரு ஹெலனு?”

“எனக்கின்னா தெரியும்? கவரப்பேட்ட பக்கமாம். முன்ன நிக்கல் பூசுற கம்பெனில இருந்துச்சாம்.”

ஆட்டோ வந்து நின்றும் செண்பகத்துக்கு ஏறத் தோன்றவில்லை. மருமகள் சந்திரகலாவிடம் வேலை கிடைத்த மாதிரியே சொல்லிவிட்டிருந்தாள். அந்தப் பெண்ணும் நம்பி, வேலைக்குப் போட்டுப் போக இரண்டு சுடிதார் எடுத்துத் தைக்கக் கொடுத்துவிட்டது. இனி வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு சொல்வது? முகம் தெரியாத அந்த ஹெலன் மேல் அன்றைக்கே ஒரு கடுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

செண்பகம் வேலை செய்த கம்பெனி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் இருந்தது. சுற்றிலும் இரும்பு உருக்குகிற மில்லும் கம்பி இழுக்கிற மில்லும். நடுவில் வெள்ளையடித்த சின்னக் கட்டிடம், மொத்தமே நாற்பது பேர். செண்பகம் அங்கே ஆறு வருஷமாகப் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவளுக்கு ஒரு பதில் உண்டு.

“கேன்சரு மருந்து. பிளாட்டினம் கீதே, நகக்கடைல மோதிரம் செய்வாங்களே, அந்த உலோகத்துல செஞ்ச மருந்து. கட்டியக் கொல்லும். ஆனா கட்டி எது, கிட்னி எதுன்னு அதுக்குத் தெரியாது. போற வழியெல்லாம் கடிச்சுக்கினு போவும். அதனால அத்த ஒரு கொழுப்புக்குள்ள வச்சு மூடுறாங்க. கொழுக்கட்ட மாதிரி. மேல மாவு, உள்ள பூரணம்.”

“எம்மாம் பெரிய கொழுக்கட்ட?”

“ஒரு தலமுடி குறுக்க ஆயிரம் வைக்கலாமாம். அத்த நானோன்றாங்க.”

இதெல்லாம் இளமதி மேடம் சொல்லிக்கொடுத்தது. இளமதிதான் அந்த மருந்து வேலைக்குப் பொறுப்பு. பெரிய படிப்புப் படித்த பெண், ஆனால் பெருக்க வருகிறவளுக்கும் நின்று பதில் சொல்லும். கட்டிக்குள் ஓடுகிற ரத்தக்குழாய் சல்லடை மாதிரி ஓட்டையாக இருக்குமாம். அந்த ஓட்டை வழியாக இந்தக் கொழுக்கட்டை உள்ளே போய் அங்கேயே தங்கிவிடும், நல்ல இடத்தில் அவ்வளவாக இறங்காது என்பது அவர்கள் நம்பிக்கை. இன்னும் மனுஷருக்குப் போடவில்லை, எலிக்குத்தான் போட்டுப் பார்க்கிறார்கள் என்பதையும் இளமதி மறைக்காமல் சொல்லும்.

ஹெலன் வேலைக்கு வந்தாள். நாற்பத்துநாலு வயசு, ஒல்லி உடம்பு, கைவிரல் நகமெல்லாம் பழுப்பு. முதல் நாள் சாப்பாட்டு நேரத்திலேயே செண்பகம் அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். புதுசாக யார் வந்தாலும் அவர்களுடைய வம்சத்தைக் கேட்காமல் செண்பகத்துக்குச் சோறு இறங்காது.

“உங்கப்பா பேரு இன்னா?”

“இம்மானுவேலு. வள்ளூரு.”

“எந்த இம்மானுவேலு? சர்ச்சுல மணி அடிப்பாரே, அவரா? கால இழுத்து நடப்பாரே, அவரா?”

“கால இழுக்குறவரு.”

“அவரு தங்கச்சி மெர்சியத்தான அத்திப்பட்டுல குடுத்துது?”

ஹெலன் டப்பாவை மூடிவிட்டு நிமிர்ந்தாள். “எங்கத்தய உனக்கெப்டிக்கா தெரியும்?”

“எங்க சின்னம்மா முத்தம்மாளும் உங்கத்தயும் ஒரே வயல்ல நாத்து நட்டவங்கடி. நான் கைக்கொழந்தயா இருக்கசொல்ல உங்கத்த இடுப்புலதான் கெடப்பேனாம்.”

இப்படி வழி தெரிந்துபோனதில் ஹெலனுக்குச் சந்தோஷம். செண்பகத்துக்கு எரிச்சல்தான் கூடியது. தெரியாதவள் என்றால் வைவது சுலபம். மெர்சியின் அண்ணன் மகளை எப்படி வைவது? அதற்காகச் சும்மா விட்டுவிடவில்லை. “நிக்கல் தொட்டியில கை விட்டவளுக்கு இந்தக் கண்ணாடியெல்லாம் தாங்குமாடி?” என்று போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை விடுவாள். ஹெலன் சிரித்துக்கொண்டு, “தாங்கும்க்கா. கண்ணாடிக்கு நான் தாங்குவனான்னுதான் பயம்” என்பாள்.

கழுவுவதில் அவளைக் குறை சொல்ல முடியாது என்பது ஒரு வாரத்திலேயே தெரிந்துபோனது. சோப்புத் தண்ணீர், பிறகு ஆசிட், பிறகு மூன்று தரம் சுத்தத் தண்ணீர். கழுவி முடித்த கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சாய்ப்பாள். தண்ணீர் உடையாமல் ஒரே விரிப்பாக வழிந்தால்தான் அலமாரிக்குப் போகும். எங்கேயாவது ஒரு துளி உருண்டு நின்றால் மறுபடியும் முதலிலிருந்து. நிக்கல் கம்பெனியில் ஒன்பது வருஷம் பழகிய பழக்கம் அது. அங்கே ஒரு விரல் பட்டுக் கையெண்ணெய் ஒட்டினாலும் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காமல் உரிந்துவிடுமாம்.

ஒரு சனிக்கிழமை, வேலை முடிகிற நேரத்தில், அவளைக் கூட்டிப் போக அவள் புருஷன் ஸ்டீபன் பைக்கில் கேட்டுக்கு வந்திருந்தான். “தம்பி, எந்த ஊரு நீ?” என்று செண்பகம் கேட்டாள். அவன் சிரித்தான். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சிரித்தான்.

“கத்திக் கேளுக்கா,” என்றாள் ஹெலன். “காது கேக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் கேக்கும், இன்னொண்ணு சுத்தமா போச்சு.”

“பொறவிலயேவா?”

“இல்லக்கா. தொண்டையில கட்டி வந்துச்சு. மெட்ராஸ்ல வச்சு இதே பிளாட்டின மருந்துதான் ஏத்துனாங்க. இந்தக் கொழுப்பு உறையெல்லாம் இல்லாம, வெறும் மருந்து. உசுரக் குடுத்துச்சு, காத எடுத்துக்குச்சு.” அழுகையோ முறையீடோ இல்லாமல், கடையில் வாங்கியதையும் கொடுத்ததையும் சொல்வதுபோல் சொன்னாள். பிறகு பைக்கில் ஏறி அவன் தோளைத் தட்ட, வண்டி கிளம்பியது.

அதற்கப்புறம் செண்பகம் கொஞ்சம் வாயை அடக்கிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு நாள், மருந்து கலக்கும் அறை மேசையைத் துடைக்கும்போது செண்பகத்தின் முழங்கை பட்டு ஒரு கண்ணாடி மூடி கீழே விழுந்து உடைந்தது. பெரிய பீக்கருக்கு மேல் வைக்கிற கனமான மூடி, நடுவில் தெர்மாமீட்டர் செருக ஒரு துளை. அறையில் யாரும் இல்லை. செண்பகம் சில்லுகளைக் கூட்டி உடைந்த கண்ணாடித் தொட்டியில் போட்டு, மேலே இரண்டு உடைந்த பாட்டிலையும் போட்டு மூடிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மூடிதானே என்று நினைத்தாள். இளமதி இரண்டு நாள் தேடிவிட்டுப் பக்கத்து லேப்காரர்கள் எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டது. புது மூடிக்கு எழுதிப்போட்டது. அது வருகிறவரைக்கும் பீக்கர் வாய்க்கு அலுமினிய ஃபாயிலை மூடி, அதிலேயே ஒரு ஓட்டை குத்தித் தெர்மாமீட்டரைச் செருகியது. அந்த மருந்துக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் பீக்கரைச் சுற்றிலும் எப்போதும் ஃபாயில் சுற்றித்தான் இருக்கும். வாயிலும் அதையே மூடினால் என்ன என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் கறுப்பு வந்தது.

செய்து முடித்துச் சின்னப் பாட்டிலில் அடைத்த மருந்தை விளக்குக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தால், அடியில் மைப்பொடி மாதிரி ஏதோ சுழன்றது. முதல் தடவை கொட்டிவிட்டுத் திரும்பச் செய்தார்கள். மறுபடியும் கறுப்பு. மூன்றாம் தடவையும் கறுப்பு. எலிச் சோதனைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. பெரிய சார் ராஜமாணிக்கம் இறங்கி வந்து ஒவ்வொருவரையும் கேட்டார். தூளும் சரி, தண்ணீரும் சரி, மிஷினும் சரி. மிச்சம் இருந்தது கண்ணாடி.

“கண்ணாடி சரியா கழுவல,” என்று முடிவானது. நிக்கல் கம்பெனியிலிருந்து வந்தவள், அந்த அழுக்கு இவளோடு வந்திருக்கிறது என்றுகூட ஒருவர் சொன்னார். அன்புராஜ் கழுவுற ரூம் வாசலில் நின்று சொன்னது செண்பகத்தின் காதில் நன்றாக விழுந்தது.

“யம்மா, வெள்ளிக்கெழமையோட நின்னுக்கோ. எனக்கும் கஷ்டமாத்தான் கீது. இன்னா பண்றது, மேல சொல்லிட்டாங்க.”

“நான் கழுவுனதுல அழுக்கு இல்ல சார்.”

“அத்த நீ சொல்லி இன்னா ஆவப்போவுது?”

திரும்பிப் போகிற வழியில் அவரே செண்பகத்திடம் நின்றார். “திங்கக்கெழமை உன் மருமவள இட்டாந்துடு யக்கா. காலைல எட்டு மணிக்கு.”

செண்பகம் அன்றைக்குச் சாயங்காலமே சந்திரகலாவிடம் சொன்னாள். தைத்து மடித்து வைத்திருந்த சுடிதாரை அந்தப் பெண் எடுத்து இஸ்திரி போட்டது. இரவு சாப்பிடும்போது, கேட்ட வேலை கிடைத்தும் செண்பகத்துக்கு ருசி தெரியவில்லை. கழுவின கிளாஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிற அந்தப் பழுப்பு நகக் கை திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்தக் கை கழுவியதில் அழுக்கு இருக்காது. இது தனக்குத் தெரியும், மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியாது.

புதன்கிழமை காலை ஹெலன் அவளைத் தேடி வந்தாள். கையில், கடைசியாக மருந்து கலக்கி இன்னும் கழுவாத பீக்கர்.

“யக்கா, இத்தப் பாரு. நான் சரியா கழுவலன்னா அழுக்கு எங்க நிக்கும்?”

“அடியில.”

“இது எங்க கீது?”

பீக்கரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, சுற்றிலும் இல்லாமல் ஒரு பக்கம் மட்டும், கறுப்பாக ஒரு தடம் வழிந்திருந்தது. மேலேயிருந்து ஏதோ சொட்டிய மாதிரி.

“மேலேர்ந்து வந்துகீதுக்கா. மேல இன்னா இருந்துச்சு?”

மேலே என்ன இருந்தது என்று செண்பகத்துக்குத் தெரியும். என்ன இருந்திருக்க வேண்டும் என்றும் தெரியும்.

“ஃபாயிலு,” என்றாள்.

“அது எங்க போச்சு?”

“மஞ்சப் பைல. மருந்து பட்ட குப்பையெல்லாம் அதுலதான். நான்தான் கட்டி வச்சேன். மாசத்துக்கு ஒருவாட்டிதான் வண்டி. வெள்ளிக்கெழமை வந்தா எடுத்துக்கினு பூடும்.”

“எனக்கு அந்தப் பையப் பிரிக்க உரிமையில்லக்கா. நீ பிரிக்கலாம்.”

அந்த நேரத்தில் செண்பகம் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் போதும். வண்டி நேற்றே வந்துவிட்டது என்று சொன்னால் ஹெலனுக்கு வேறு வழியில்லை. திங்கட்கிழமை சந்திரகலா வேலைக்கு வந்திருப்பாள். மூடி உடைந்த கதையும் குப்பையோடு போயிருக்கும். செண்பகம் கையுறை இரண்டு ஜோடி எடுத்து, ஒன்றை ஹெலனிடம் கொடுத்தாள். “வாடி,” என்றாள்.

மஞ்சள் பையிலிருந்து மூன்று ஃபாயில் கிடைத்தது. மூன்றிலும் நடுப்பகுதி கிண்ணம் மாதிரி உள்ளே குழிந்திருந்தது. தெர்மாமீட்டரின் கனத்தில் தொய்ந்து, பீக்கருக்குள் இறங்கி, கலக்கும்போது தெறிக்கிற மருந்தில் நனைந்திருக்கிறது. அந்தக் குழியின் அடியில் ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடி ஓட்டைகள். உள்பக்கம் கறுப்பு. ஹெலன் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு கையுறையோடு வந்துவிட்டது.

ஹெலன் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து செண்பகம் பார்த்ததில்லை.

“யக்கா, இது சும்மா ஏறுன பூச்சு.”

“அப்டின்னா?”

“எங்க பழைய கம்பெனில தாமிரத் தொட்டி ஒண்ணு கீது. கரண்ட் குடுத்தாத்தான் பூச்சு ஏறணும். ஆனா ஒரு இரும்பு நட்டு தவறி உள்ள விழுந்துச்சுன்னு வையி, கரண்டே இல்லாம அது செவப்பாயிடும். இரும்பு கரஞ்சு தண்ணிக்குள்ள போவும், தாமிரம் வந்து அது மேல உக்காரும். ஆனா கெட்டியா உக்காராது. தேச்சா வந்துடும். இதுவும் அதான். தண்ணில இருக்குற பிளாட்டினம் அலுமினியத்தப் பார்த்ததும் மருந்த விட்டுட்டு வெளிய வந்துடுச்சு. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லக்கா. அதான் பிளாட்டினமே.”

எல்லாவற்றையும் இளமதி மேடத்திடம் சொன்னார்கள். அந்தப் பெண் ஃபாயிலை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்தது. ஓட்டை வழியாக வெளிச்சம் புள்ளிப்புள்ளியாக அதன் முகத்தில் விழுந்தது.

“இந்த மருந்த ஏத்த அலுமினிய ஊசி கூடாதுன்னு புக்ல இருக்கு ஹெலன்க்கா. எனக்கே தெரியும். பரிட்சையில எழுதியிருக்கேன்.” தலையில் கை வைத்துக்கொண்டது. “ஊசியத்தான் நினைச்சேன். மூடியும் அதே அலுமினியம்னு எனக்குத் தோணவே இல்ல. வெளிச்சத்துக்கு மூடுற துணி மாதிரி நினைச்சுட்டேன்.”

“செஞ்சு பாத்துடலாம் மேடம்,” என்றாள் ஹெலன். “சும்மா என் வாயால சொன்னா மேல நம்பமாட்டாங்க.”

காலை டீ நேரத்தில் ராஜமாணிக்கம் சாரைக் கூப்பிட்டார்கள். இரண்டு சின்ன பீக்கர். இரண்டையும் ஹெலனே கழுவினாள், எல்லார் கண்ணெதிரிலும். இரண்டிலும் ஒரே மருந்துத் தண்ணீர், ஒரே சூடு. ஒன்றில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு ஃபாயில் துண்டு. இரண்டையும் மரப்பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். செண்பகம் அந்த அறையை அன்றைக்கு நாலு தரம் துடைத்தாள், துடைக்க ஒன்றும் இல்லாமலே.

சாப்பாட்டு நேரத்துக்குத் திறந்தபோது ஒரு பீக்கர் தெளிவாக இருந்தது. இன்னொன்றில் ஃபாயிலைச் சுற்றிப் புகை பிடித்த மாதிரி கறுப்பு இறங்கி அடியில் படிந்திருந்தது.

ராஜமாணிக்கம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எத்தனாவது வரைக்கும் படிச்சீங்கம்மா?”

“எட்டாவது சார்.”

“இதை எங்க கத்துக்கிட்டீங்க?”

“தொட்டியில தவறி விழுந்த நட்டப் பொறுக்கிக் கத்துக்கினேன் சார். மொதலாளி திட்டுவாரு, அதான் பொறுக்குறது.”

சார் சிரித்துவிட்டார். இளமதியும் சிரித்தது. பிறகு சார் கேட்டார்: “சரி, எப்பவும் கண்ணாடி மூடிதானே போடுவோம்? அது என்ன ஆச்சு?”

இளமதி, “காணோம் சார், எழுதிப் போட்டிருக்கேன்” என்று ஆரம்பித்தது. ஹெலன் தரையைப் பார்த்தாள். உடைந்த கண்ணாடித் தொட்டியைத் தினமும் கழுவுற ரூம் வழியாகத்தான் எடுத்துப் போவார்கள். அந்தக் கனமான சில்லுகள் எதுவென்று கண்ணாடி கழுவுகிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? இத்தனை நாளும் தெரிந்தேதான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். வேலை போகப்போகிறது என்றபோதும் சொல்லவில்லை. செண்பகத்துக்கு அது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

“நான்தான் சார் ஒடச்சேன்,” என்றாள் செண்பகம், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு. “மொழங்க பட்டு வுழுந்துச்சு. சொல்லாம வுட்டது என் தப்பு. பழிய இவ சொமந்தா. இவள வேலைய வுட்டுத் தூக்குறதா இருந்தா மொதல்ல என்னத் தூக்குங்க.”

“யாரையும் தூக்கல,” என்றார் சார். “ஆனா இனிமே ஒரு கிளாஸ் உடைஞ்சாலும் சொல்லுங்கம்மா. ஒரு மூடிக்கு மூணு பேட்ச் போயிருக்கு.”

வெளியே வந்ததும் ஹெலன் செண்பகத்தின் தோளை இடித்தாள். “இன்னாக்கா, சினிமால வர்ற மாதிரி பேசிட்ட?”

“போடி பேஜாரு புடிச்சவளே. தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?”

“எங்கத்த இடுப்புல கெடந்தவள நான் எப்டிக்கா காட்டிக் குடுப்பேன்?”

அன்றைக்கு முழுக்கச் செண்பகம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னாள். ஆட்டோவில் சொன்னாள், புதுவாயல் டீக்கடையில் சொன்னாள். “எங்க ஹெலனு, வள்ளூரு இம்மானுவேலு மவ, எங்க சின்னம்மா கூட நாத்து நட்ட மெர்சியோட அண்ணன் பொண்ணு. டாக்டரு பட்டம் வாங்குனவங்க மூணு வாரம் தேடுனத மூணு ஃபாயிலப் பாத்துச் சொல்லிட்டா.” எங்க ஹெலனு என்று தன் வாயில் எப்போது வந்தது என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற நேரமாகப் பார்த்துக் கவரப்பேட்டையில் ஹெலன் வீட்டுக்கே போய்விட்டாள். ஸ்டீபன் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கிற காதுப் பக்கமாக வாயை வைத்துக் கத்தினாள்.

“உம் பொண்டாட்டி மருந்தக் காப்பாத்திட்டா!”

“இன்னா?”

“மருந்த! காப்பாத்திட்டா! பிளாட்டினத்தக் கண்டுபுடிச்சா!”

“இன்னா சொன்ன?”

தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி மூன்றாம் தரமும் கத்தினாள். எதிர்வீட்டு ஜோதிலட்சுமி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். ஸ்டீபனின் உதடு ஓரம் துடித்தது. உள்ளேயிருந்து ஹெலன், “யக்கா, அவருக்கு மொதல் தடவயே கேட்டுச்சு. தெருவுக்குக் கேக்கணும்னு கேக்குறாரு, நீயும் கத்திகினு கீற” என்றாள். அதற்கப்புறம்தான் ஸ்டீபன் வாய்விட்டுச் சிரித்தான்.

புது மூடி வந்தது. அதைப் போட்டுச் செய்த மருந்து தெளிவாக இறங்கி, எலிச் சோதனைக்குத் தேதி தவறாமல் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் இளமதி எழுதிய ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், உதவியவர்கள் என்ற இடத்தில், பெரிய பெரிய படிப்பு போட்ட பேர்களுக்கு நடுவில் ‘இ. ஹெலன்’ என்று இருந்தது, பின்னால் ஒரு எழுத்துகூட இல்லாமல். செண்பகம் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தன் வீட்டு அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அவளுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. பேர் எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் விரலால் காட்டுவாள்.

மருந்து கலக்கும் அறைச் சுவரில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. ஹெலன் சொல்ல இளமதி எழுதியது: ‘ஃபாயிலை வெளியே சுற்றலாம். மருந்துக்கு மேல் மூடக்கூடாது.’

மருந்து இன்னும் எலியைத் தாண்டவில்லை. தாண்ட இன்னும் பல வருஷம் ஆகும் என்கிறார்கள். கழுவுற ரூமில் இப்போது இருப்பது செண்பகத்தின் மருமகள் சந்திரகலா. ஹெலன் அதே கம்பெனியில், அட்டை தொங்குகிற அந்த அறையில், காண்ட்ராக்ட் இல்லாமல் கம்பெனியின் சொந்த ஆளாக, காலை எட்டு மணி ஷிப்டில் மருந்து கலக்குகிறாள்.